முழுப் பேர்

பிள்ளைகளே, எல்கடுவ தேயிலைத் தோட்டத்தில் உழைத்த உங்கள் தாத்தாவுக்கு இடுப்பு ஒப்பரேஷன் நடந்த அன்று, மாத்தளையில் ஒரு டொக்டரம்மாவைச் சந்தித்தேன். மயக்க மருந்து கொடுப்பவர். மெலிந்த உருவம். பேசும்போதெல்லாம் தன் நெற்றியை ஒரு விரலால் தொட்டுக்கொள்வார்.

வயதானவர்கள் சிலர் மயக்கம் தெளிந்ததும் புத்தி தடுமாறுவார்கள், பெற்ற பிள்ளையைக்கூட அடையாளம் தெரியாமல் போகும் என்று கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு அதுதான் பயம்.

“நெத்தியில ஒரு பட்டி ஒட்டுவேன். மூளை எவ்வளவு ஆழமாத் தூங்குதுன்னு திரையில அலை அலையாத் தெரியும். தேவைக்கு மேல ஆழமாப் போகாம பாத்துக்குவேன். ஆனா தடுமாற்றமே வராதுன்னு சொல்ல ஏலாது,” என்றார்.

வெளியே மலைகள் பனிமூட்டத்தில் கண்மூடிக் கிடந்தன. காத்திருந்த எனக்கு அவையும் அந்தத் திரையின் அலைகளாகவே தெரிந்தன.

தாத்தா கண் விழித்ததும் என்னை உள்ளே அழைத்தார்கள். டொக்டரம்மா குனிந்து, “ஐயா, உங்க முழுப் பேரைச் சொல்லுங்க,” என்றார்.

“படுத்துக் கெடந்ததுக்கு யாரு முழுப் பேர் போடுவா?” என்றார் தாத்தா.

புத்தி தடுமாறிவிட்டதென்று நினைத்து டொக்டரம்மாவின் முகம் வாடிவிட்டது. எனக்கோ சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

“தோட்டத்துல ஒரு நாள் வேலைய முழுசா செஞ்சா, முழுச் சம்பளத்துக்குக் கணக்குல பதிவாங்க. அதத்தான் முழுப் பேர் போடுறதுன்னு சொல்லுவோம், டொக்டர். அவரு கேலி பண்றாருங்க!” என்றேன்.

“வேல செஞ்சது அவங்கதானே? அவங்களுக்குப் போடு முழுப் பேர,” என்றார் தாத்தா, டொக்டரம்மாவைக் காட்டி.

டொக்டரம்மாவின் நெற்றிக்குப் போன விரல் அங்கேயே நின்றது.

அவருடைய சொந்தப் பேரை நான் கேட்கவே இல்லை. தாத்தா போட்ட பேர்தான் எனக்குத் தெரியும்.