ரிஸ்னா தாத்தா என் பாட்டன் இல்லை

ரிஸ்னா தாத்தா இன்று காலை மௌத்தாகிவிட்டார். பேராதனை ஆஸ்பத்திரியில்.

என் ஸ்டேட்டஸைப் பார்த்து "தாத்தா நல்லா வாழ்ந்துட்டுத்தான் போயிருப்பார்" என்று கமெண்ட் போட்ட மச்சான்மாரே... அக்குறணையில் தாத்தா என்றால் அக்கா. வயது முப்பத்து நாலு.

கண்டி ஆஃபீஸில் எனக்குப் பக்கத்துக் கதிரை அவருடையது. ஹுன்னஸ்கிரியவிலிருந்து ட்ரெய்னியாகப் போன முதல் நாளே வாயை விட்டேன். "எங்க ஊர்ல தாத்தாவுக்கு மீசை இருக்குமே!"

"எங்கட ஊர்ல தாத்தாமார் காதத் திருகுவாங்க தம்பி."

ஒரு கிளினிக்குக்குப் புரோகிராம் எழுதிக்கொண்டிருந்தோம். நோயாளி அடுத்து வரவேண்டிய திகதி, கையில் கொடுக்கும் துண்டுச் சீட்டில் நாளும் மாதமும் இடம் மாறி விழுந்தது. ஜூன் ஏழு வரவேண்டியவர் ஜூலை ஆறுதான் வருவார். மருந்து அதற்கு முன்பே முடிந்திருக்கும்.

டேட்டாபேஸோடு பேசுகிற ரெடிமேட் கோட் லைப்ரரியில் முதலில் ஒரு 'லொகேல்' ஒதுக்க வேண்டும். எந்த மொழி, திகதியை எப்படி எழுதுவது, எல்லாம் அதில்தான். கனெக்ட் பண்ணுவது அதற்குப் பிறகு. நான் நேராகக் கனெக்ட் பண்ணியிருந்தேன்.

"லொகேல் எதுக்கு தாத்தா? நாமளே லோக்கல்தானே?"

"வாய ஒதுக்கிட்டு லொகேல ஒதுக்குங்க."

பிறகு தாத்தாவுக்கு ஈரல் வருத்தம் வந்து ஆஸ்பத்திரியில் படுத்தார்... வார்டிலிருந்தும் கோல் எடுப்பார். "ஒதுக்கிட்டீங்களா?"

"ஒதுக்கிட்டோம். உங்களத்தான்."

"என்னய ஒதுக்கினா ஒங்கட பிழைய யாரு பார்க்கிற?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி நிற்கவே இல்லை. நர்ஸ் போனை வாங்கி வைத்துவிட்டார்.

அதன் பிறகு குரல் இல்லை. மெசேஜ் மட்டும். "திகதி?"

இன்று அக்குறணையில் அவருடைய வாப்பா வாசலுக்கு வந்து என்னையே பார்த்தார். "புள்ள சொல்ற சேட்டைக்காரன் நீங்களா?"

தலையாட்டினேன்.

"நேத்தும் கேட்டா. அந்தத் திகதி சரி வந்துச்சா மகன்?"



"இன்னும் இல்லீங்க."

என் தோளில் கை வைத்தார். ஜனாஸாவைத் தூக்கக் கூப்பிட்டார்கள், போய்விட்டார்.

திங்கட்கிழமை முதல் கிளினிக்கில் எங்கள் துண்டுகள்தான். அக்குறணையிலிருந்து நேராக ஆஃபீஸுக்கு வந்து திகதியைத் திருத்த உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் தூங்குங்கள் தாத்தா.