பொம்மை வீட்டில் கரண்டு போன ஞாயிற்றுக்கிழமை

எழுதுகிற தகுதி எனக்கு இல்லை என்பது எனக்கே தெரியும். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. அதன் பிறகு வேடசந்தூர்ப் பக்கம் ஒரு நூல் மில்லில் வேலை. நாலு பேர் முன்னால் பேசச் சொன்னாலே நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். படிக்கிறவர்கள் பெரிய மனது பண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

போன மாதம் பக்கத்து வீட்டுப் பிள்ளை என் மடியில் உட்கார்ந்து செல்போனில் பொம்மை நாடகம் பார்த்துக்கொண்டிருந்தாள். நாடகத்தில் பொம்மைகளின் வீட்டில் கரண்டு போனது. பிள்ளை கைதட்டிச் சிரித்தாள். நான் அவளை இறக்கிவிட்டு வாசலில் போய் நின்றேன். என்னவென்று கேட்டவர்களுக்குத் தலைவலி என்றேன். தலைவலி இல்லை.

என் அப்பா நான் கைக்குழந்தையாக இருக்கும்போதே இறந்துவிட்டார். அம்மாவும் நானும் பெரியப்பா வீட்டை ஒட்டிய ஓர் அறையில் இருந்தோம். அம்மாவுக்குத் துணையாக அவள் தம்பி, என் மாமா, வந்து எங்களோடு தங்கினார். வந்தது எங்களுக்குத் துணையாக என்றாலும் உழைத்ததெல்லாம் பெரியப்பா தோட்டத்தில். சம்பளம் என்று யாரும் பேசியதில்லை. சொந்தத்துக்குள் அதைப் பேசுவது மரியாதை இல்லையாம்.

ஊரிலேயே முதல் டி.வி. பெரியப்பா வீட்டில்தான் இருந்தது. கறுப்பு வெள்ளை. ஞாயிற்றுக்கிழமை காலையில் பொம்மை நாடகம் போடுவார்கள். தெருப் பிள்ளைகள் எல்லோரும் சுவரை ஒட்டி வரிசையாக உட்காருவோம். பெரியப்பா மகன் மட்டும் நாற்காலியில் உட்காருவான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஊருக்கு வரும் மூன்று லைனில் ஒன்றில் கரண்டு இல்லை. பாதி வீடுகளில் விளக்கு எரிந்தது, பாதியில் எரியவில்லை. டி.வி. ஓடியது. ஆனால் மோட்டாருக்கு மூன்றும் வேண்டும். பெரியப்பா மோட்டாரைப் போட்டுப் பார்த்துவிட்டு முகம் சுளித்தபடி வந்தார்.

"நம்ம வீட்டுக்குப் பின்னாடி போஸ்ட்லதான் கம்பி விட்டுருக்கு. ஏறிக் கட்டிவிட்டுருப்பா" என்றார் மாமாவிடம்.

"லைன்மேனுக்குச் சொல்லிவிடுவோமே மச்சான்."

"அவரு நாளைக்கு வருவாரு. இன்னைக்குத்தான் எனக்குக் கிணத்து முறை. விட்டா இன்னும் நாலு நாளு. தக்காளி பூத்து நிக்கிது, தாங்குமா?"

பங்காளிகள் நாலு பேருக்கும் பொதுக் கிணறு அது. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர். தன் நாளில் கரண்டு இல்லையென்றால் அந்த நாள் போனதுதான்.

மாமா அடுப்படி வாசலில் நின்ற அம்மாவை ஒரு முறை பார்த்தார். மூங்கில் ஏணியைத் தோளில் எடுத்துக்கொண்டார்.

இந்த இடத்தில் எங்கள் ஊர் வழக்கம் ஒன்றைச் சொல்ல வேண்டும். டிரான்ஸ்பார்மர் மெயின்ரோட்டில், பெட்டிக்கடையைத் தாண்டி இருந்தது. ஒருவர் அங்கே போய்க் கைப்பிடியை இறக்கி ஊர்க் கரண்டை நிறுத்துவார். இன்னொருவர் போஸ்டில் ஏறி வேலை பார்ப்பார். நடுவில் வேலிக்கருவைக் காடு. ஒருவர் கண்ணுக்கு மற்றவர் தெரியாது, கூப்பிட்டாலும் என்ன சொல்கிறார் என்று விளங்காது. அதனால் போஸ்டில் இருப்பவர் டி.வி. இருக்கிற வீட்டின் பக்கம் காதை வைத்திருப்பார். கைப்பிடியை இறக்கியதும் டி.வி. அணையும், பிள்ளைகள் கத்துவார்கள். அந்தக் கத்தல்தான் உத்தரவு. அதற்குப் பிறகுதான் கம்பியைத் தொட வேண்டும். பல தடவை அப்படியே நடந்திருக்கிறது. ஒன்றும் ஆனதில்லை.

ஏறுவதற்கு முன்னால் மாமா சன்னல் வழியாகத் தலையை நீட்டினார்.

"ஏத்தா, கரண்டு போனதும் நல்லாச் சத்தமாக் கத்துங்க."

"அப்ப பொம்மை பாதியில போயிருமே மாமா" என்றேன்.

"செத்த நேரந்தான். அதுக்குள்ள உன் காக்கா எங்கயும் பறந்து போயிராது." நாடகத்தில் வரும் காக்காய்ப் பொம்மை மாதிரியே தலையைச் சாய்த்து ஒரு தரம் கரைந்துவிட்டுப் போனார். எல்லோரும் சிரித்தோம். பெரியப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு மெயின்ரோட்டுக்குக் கிளம்பினார்.

அன்றைய கதையில் பொம்மைகள் எல்லாம் சேர்ந்து காக்காய்க்குப் பிறந்தநாள் கொண்டாடிக்கொண்டிருந்தன. பலகாரத்தை வெட்டப்போகிற நேரத்தில் அந்த வீட்டின் விளக்கு பட்டென்று அணைந்தது. திரை முழுவதும் இருட்டு.

"கரண்டு போச்சு" என்று பெரியப்பா மகன்தான் முதலில் கத்தினான். பிறகு நாங்கள் எல்லோரும் கத்தினோம். தலைக்கு மேல் மின்விசிறி சுற்றிக்கொண்டுதான் இருந்தது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இருட்டுக்குள்ளிருந்து காக்காயின் குரல் வந்தது. "யாரும் பயப்படாதீங்க, அவங்கவங்க இடத்துலயே இருங்க" என்றது. கதையில் வரும் கரண்டு அது என்று அப்போதுதான் புரிந்தது. ஏமாந்துபோனோம் என்று ஒருவரையொருவர் இடித்துக்கொண்டு சிரித்தோம்.

வீட்டுக்குப் பின்னால் மூட்டை விழுந்தது போல ஒரு சத்தம் கேட்டது. அம்மா அலறிக்கொண்டு ஓடினாள். அப்போதும் டி.வி. அணையவில்லை. பொம்மைகள் மெழுகுவத்தி ஏற்றிவைத்துப் பாடிக்கொண்டிருந்தன.

மாமா கண்ணைத் திறக்கவே இல்லை.

ஆட்கள் வருவதற்குள் பெரியப்பா வந்துவிட்டார். மாமாவின் கருகிய வலது கையைத் துண்டால் சுற்றினார். ஏணியைத் தூக்கிக்கொண்டு போய்த் தென்னைமரத்தில் சாத்தச் சொன்னார். பிறகு எங்களைச் சுவரோரம் நிறுத்தினார்.

"யாரு கேட்டாலும் மரத்துல இருந்து விழுந்தாருன்னு சொல்லணும். விளங்குச்சா?"

விளங்கவில்லை. தலையை ஆட்டினோம்.

அது ஊருக்குச் சொன்ன கதை. வீட்டுக்குள் சொன்னது வேறு. "இந்தக் கழுதைக பொம்மையைப் பாத்துட்டுக் கத்துனதாலதான் ஒரு உசுரு போச்சு" என்று பெரியப்பா துக்கத்துக்கு வந்த நெருங்கிய சொந்தங்களிடம் தாழ்ந்த குரலில் சொன்னார். 'இந்தக் கழுதைக' என்பது இரண்டு நாளில் 'இந்தக் கழுதை' ஆனது. அவர் மகன் பெயர் அதில் வரவில்லை. மாமனை முழுங்கியவள் என்று பெரியம்மா என் காது படவே சொன்னாள். அந்தப் பெயரோடுதான் நான் வளர்ந்தேன். இன்றுவரை கரண்டு போனால் நான் வாயைத் திறப்பதில்லை. இருட்டில் அப்படியே உட்கார்ந்திருப்பேன்.

எனக்குக் கல்யாணமாகி வெகுகாலம் கழித்துத்தான் பெட்டிக்கடைக்காரர் மனைவி சொன்னாள். பெரியப்பா அன்றைக்கு டிரான்ஸ்பார்மர் வரைக்கும் போகவே இல்லையாம். அவர்கள் கடைப் பெஞ்சில் உட்கார்ந்து கலர் சோடா குடித்துக்கொண்டு, ஒட்டன்சத்திரத்தில் தக்காளி என்ன விலை போகிறது என்று யாரிடமோ பேசிக்கொண்டிருந்தாராம். அலறல் கேட்ட பிறகுதான் ஓடிப் போய்க் கைப்பிடியை இறக்கினாராம். "உங்கம்மாவுக்கு அப்பவே தெரியுமேத்தா" என்றாள்.

அம்மா என்னிடம் ஒருநாளும் சொல்லவில்லை. என்னைத் திட்டும்போது தடுத்ததும் இல்லை. அவளுக்குப் போக வேறு இடம் இல்லை. மாமா அன்று அடுப்படி வாசலைப் பார்த்துவிட்டு ஏணியை எடுத்ததும் அதனால்தான். அந்த வயதில் எனக்கு இதெல்லாம் தெரியவில்லை. மாமாவுக்குப் போஸ்டில் ஏறப் பிடிக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே பொழுது சாய்வதற்குள் மாமாவை எரித்துவிட்டார்கள்.

மறுநாள் காலையில் லைன்மேன் வந்து கம்பியைக் கட்டிவிட்டுப் போனார். துக்க வீடு என்று பங்காளிகள் அன்றைய முறையைப் பெரியப்பாவுக்கே விட்டுக்கொடுத்தார்கள். சாயங்காலம் வரைக்கும் தக்காளிக்குத் தண்ணீர் பாய்ந்தது.