பக்கத்து வீட்டுக்கு ஒரு பை

இலவசமாக அரிசி கொடுப்பது சுலபமான வேலை என்று நினைப்பவர்கள், ஒரே ஒரு வெள்ளிக்கிழமை என் நாற்காலியில் வந்து உட்கார்ந்து பாருங்கள். ஏற்கெனவே இப்படி எங்காவது உட்கார்ந்து அவதிப்பட்டவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதே இல்லை.

நகரியில் எங்கள் தறித் தெருவின் பஜனை மடத்தை ஒட்டி ஓர் அறை. சுற்றுப்பட்டு விவசாயிகள் அரிசி, பருப்பு தருவார்கள். மார்க்கெட்டில் மிஞ்சிய காய்கறி வரும். அளந்து போடுவது நானும் எதிர்வீட்டு விஜயாவும். என் வீட்டுக்காரர் வீட்டிலேயே கூலிக்கு இரண்டு பவர்லூம் ஓட்டுகிறார். கூலி சனிக்கிழமைதான் வரும். அதனால் தெருவில் பாதி வீட்டில் வெள்ளிக்கிழமை சாயந்திரம் அரிசி டப்பா காலி.

போர்டு

முதலில் வாசலில் பெரிதாக ஒரு போர்டு மாட்டினேன்: 'ஏழைகளுக்கு இலவசம்'. தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. ஈ காக்கை வரவில்லை. மூட்டையில் வண்டு விழுகிற நிலைமை.

எங்கள் வீட்டுச் சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருக்கிற தேவகி வந்து போர்டைப் படித்தாள். புருஷன் இல்லை, இரண்டு பிள்ளைகள், விடிந்தால் தறிதான். ரேஷன் அரிசி பாதி மாசம்கூட வராது என்று எனக்கே தெரியும். உள்ளே வாயேண்டி என்றேன்.

"நான் காலையில இருந்து தறி ஓட்டிக்கினு கீறேன்க்கா. இது சும்மா குந்திக்கினு இருக்கிறவங்களுக்குன்னு நெனச்சேன்."

அன்றைக்கே போர்டைக் கழற்றினேன்.

லட்சுமி

போர்டு போனதும் வரிசை வந்தது. இப்போது விஜயா மக்கர் பண்ணினாள். வெள்ளிக்கிழமை விளக்கு வைத்த பிறகு அரிசியை வெளியே கொடுத்தால் லட்சுமியும் கூடவே போய்விடுவாளாம். படியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். வெளியே ஜனம் பையோடு நிற்கிறது, இவள் சாஸ்திரம் பேசுகிறாள். எனக்கு வந்த கோபத்துக்கு அந்தப் படியாலேயே ஒன்று வைத்திருப்பேன்.

வரிசையில் முதலில் நின்ற நூல் சுற்றுகிற அம்மா நிதானமாகச் சொன்னாள்:

"போனா போகட்டும் விஜயா. எங்க வூட்டுக்குத்தானே வரப்போறா."

விஜயா சிரித்துவிட்டு படியை நிமிர்த்தினாள்.

யாரும் வாங்கல

வந்தவர்களில் ஒருத்தராவது 'எனக்கு' என்று கேட்க வேண்டுமே. எல்லோரும் 'பக்கத்து வீட்டுக்கு'தான். தெலுங்குக்காரர்கள் 'பக்கிண்டி வாள்ளக்கு' என்பார்கள், அதுவும் அதேதான். பலமனேரிலிருந்து பால் வேன் ஓட்டிவருகிற எங்கள் தெரு ராமய்யாவும் அதையே சொல்ல, எனக்குப் பொறுக்கவில்லை. "உங்க பக்கத்து வீட்டுக்காரர் இப்பதான் உங்களுக்குன்னு சொல்லி ஒரு பை வாங்கிக்கினு போறார்" என்று போட்டு உடைத்தேன்.

மனுஷன் அசரவே இல்லை.

"நல்லதாப் போச்சும்மா. அவரு எனக்குக் குடுப்பாரு, நான் அவருக்குக் குடுப்பேன். ரெண்டு பேருமே வாங்கல பாருங்க."

ஒரு பக்கம் காலி மனை

போன ஆடியில் நூல் வரத்து நின்றது. எங்கள் இரண்டு தறியும் ஊமையாகிவிட்டன. சனிக்கிழமை வந்தது, கூலி வரவில்லை. அடுத்த வெள்ளிக்கிழமை காலையில் டப்பாவைத் தட்டி, கடைசி அரிசியைக் கஞ்சியாக வைத்தேன். ராத்திரிக்கு ஒன்றும் இல்லை. "மடத்து அரிசியில ஒரு மணி தொட்டாலும் ஊரு நம்மளத்தான் பேசும்" என்று வீட்டுக்காரர் முன்கூட்டியே சொல்லிவிட்டார். சாயந்திரம் முழுக்க ஊருக்கெல்லாம் படி படியாக அளந்தேன். வயிறு எரிந்தது, பொய் சொல்லவில்லை.

கடைசியாக தேவகி வந்தாள். "பக்கத்து வூட்டுக்கு ஒரு பை" என்றாள். இருந்த எரிச்சலெல்லாம் அவள் மேல் பாய்ந்தது. "உனக்கு ஏதுடி பக்கத்து வீடு? ஒரு பக்கம் காலி மனை, இன்னொரு பக்கம் நாங்க. யார்கிட்ட கதை விடுற?" என்று கத்தினேன். விஜயா அளந்து போட, அவள் பையைத் தூக்கிக்கொண்டு போனாள்.

அறையைப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தால், எங்கள் அடுப்பில் உலை கொதிக்கிறது. வீட்டுக்காரர் பருப்பு கழுவுகிறார். பக்கத்தில் தேவகி. நான் அழுதேவிட்டேன்.

"உங்க தறி சத்தம் கேட்டே பத்து நாளாச்சேக்கா. பக்கத்து வூட்டுக்குன்னுதானே வாங்கினேன், அதுல என்ன பொய்?"

நூல் வரும்வரை, தேவகிக்கு என்று நானும் வாராவாரம் ஒரு பை வாங்கினேன். ஆக, எங்கள் தெருவில் இன்றுவரை இலவச அரிசியைத் தனக்கென்று வாங்கியவர் எவரும் இல்லை.