கறுத்த சிலிக்கனும் மீன் லொறியும்

கண்ணுக்குத் தெரியாத சாமான் செய்கிறவனுக்கு முதல் தொல்லை கண் உள்ளவர்கள்தான். தான் செய்கிற வேலையை வீட்டுக்காரருக்கே விளங்கப்படுத்த முடியாமல் அவதிப்படுகிறவர்கள் மேலே வாசியுங்கள். மற்றவர்களுக்குச் சொல்ல எனக்குப் பொறுமையில்லை.

எங்கள் சாமான் எள்ளளவு மின்தேக்கி. சிப்பின் உள்ளேயே இருந்து, குலுக்கலில் பிறக்கிற மின்சாரத்தைத் துளித்துளியாகச் சேர்த்து, கேட்டவுடன் ஒரே மூச்சில் கொடுக்கும். அதன் மின்வாய் சிலிக்கன். வழுவழுப்பான சிலிக்கனில் மின்சாரம் ஒட்ட இடம் போதாது. அமிலத்தில் அரித்து, தலைமயிரைவிட மெல்லிய ஊசிகளாக நிறுத்தினால் இடம் பெருகும்.

இதைச் செய்யக் கேட்டவர் கொழும்பு கிராண்ட்பாஸ் மீன் ஏற்றுமதி ஹாஜியார். மீன்பெட்டி சூடேறினால் அவருடைய போனுக்குச் செய்தி போகவேண்டும். பற்றரி போட்டால் குளிரில் படுத்துவிடுகிறதாம். இந்த முறையும் சரிவராவிட்டால் வெளிநாட்டுச் சாமான் எடுப்பேன் என்றுவிட்டார். எடுத்தால் வெள்ளவத்தையில் எங்கள் ஆய்வுகூடம் மூடும். சர்க்கியூட் செய்கிற தர்மினிக்கும் வேலை போகும், எனக்கும் போகும். வீட்டில் குந்தியிருக்க எனக்கு விருப்பமில்லை.

கைலேஞ்சி

அரித்த சிலிக்கன் தகடு கறுத்துப்போகும். ஊசிகளுக்கு இடையில் விழுந்த வெளிச்சம் திரும்பி வராது. அந்தக் கறுப்பைப் பார்த்தால்தான் எனக்கு நெஞ்சு ஆறும்.

வேலை எப்படிப் போகிறதென்று பார்க்க ஹாஜியார் வந்தார். நான் தேத்தண்ணி சொல்லப் போய்த் திரும்புவதற்குள் தகட்டை எடுத்து, முகம் துடைக்கிற கைலேஞ்சியால் அழுத்தித் தேய்த்துவிட்டார். ஊசிக்காடு முழுக்கத் தரைமட்டம். மனுசன் முகத்தில் அவ்வளவு சந்தோசம். “கண்ணாடி மாதிரி சாமான ஊத்தயா வெச்சிக்கீங்களே சேர், நானே துடச்சிட்டன்!”

கரையோர ரயில்

மறுபடி அரித்தோம். எவ்வளவு மின்சாரம் பிடிக்கிறதென்று அளக்க, தகட்டில் அளவுக்கருவியின் முனை ஒன்றை மெல்லத் தொட்டபடி வைத்திருக்க வேண்டும். எங்களுக்குப் பின்னால் தண்டவாளம். ரயில் வந்தால் மேசை நடுங்கும், முனை வழுக்கும், அளவு கெடும்.

மேசைக்கடியில் ரப்பர் வைத்தோம், மணல் மூட்டை வைத்தோம். கொஞ்சம் அடங்கியது. ரயில் இல்லாத நேரமாகப் பார்த்து அளக்கலாமே என்று சொன்னேன். தர்மினி தலையைக்கூடத் தூக்கவில்லை. “ரயில் சொன்ன நேரத்துக்கு வந்தால்தானே சேர், வராத நேரம் எதெண்டு தெரியும்?”

உலை

அளவு நன்றாக வந்தது. அடுத்த கிழமை அதே தகடு செத்துக் கிடந்தது. மின்தேக்கிக்குள் ஊற்றுகிற உப்புக்கரைசல் வெறும் சிலிக்கனைத் தின்றுவிடும். தர்மினி, “வேற வழி பாப்பம் சேர்” என்றாள். நான் மாட்டேன் என்றேன். ஊசிகளுக்கு மெல்லிய காபன் போர்வை போடவேண்டும். அதற்குச் செந்தணலாக உலை எரியவேண்டும், நடுவில் அணையக்கூடாது.

அணைந்தது. கரண்ட் போய்விட்டது. மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கத்தினேன். எதிர்முனையில் ஒரு சிங்களப் பொடியன், தெரிந்த தமிழில் பொறுமையாகச் சொன்னான்: “மரம் விழுந்தது அங்கிள். எங்ககிட்ட கேட்டு விழ இல்ல.”

பக்கத்துக் கலியாண மண்டபத்து ஜெனரேட்டரைக் கேட்டு வாங்கி, மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். போர்வை பிடித்தது. உப்புக்கரைசலில் ஊறப்போட்டுக் காத்திருந்தோம். இந்தத் தகடு சாகவில்லை.

பெட்டி

சிப்பைத் தர்மினியின் சர்க்கியூட்டோடு சேர்த்துத் தெளிந்த பசையில் மூடி, மீன்பெட்டியின் மூடியில் ஒட்டினோம். கிராண்ட்பாஸிலிருந்து லொறி புறப்பட்டது. ஹாஜியார் முன்னுக்கு, நானும் தர்மினியும் பக்கத்தில். எங்கள் மேசையைக் கெடுத்த அதே குலுக்கல்தான் இங்கே சிப்புக்குத் தீனி. காலிக்குப் போகிற வீதியின் பள்ளங்களுக்கு வாழ்க்கையில் முதல்தடவை நன்றி சொன்னேன்.

வெள்ளவத்தையில் லொறியை நிறுத்தி, வெயிலில் பெட்டியைத் திறந்து வைத்தோம். ஐஸ் உருகியது. போன் பேசாமல் கிடந்தது. தர்மினி நகத்தைக் கடித்தாள். ஹாஜியார் பொக்கெற்றுக்குள் கையை விட்டுக் கைலேஞ்சியை எடுத்தார். பாய்ந்து கையைப் பிடித்தேன். “வேர்வ சேர், வேர்வ!” என்று அலறினார். அந்த நேரம் பார்த்துப் போன் கூவியது.

தர்மினி வாங்கி வாசித்தாள். பெட்டி சூடேறிவிட்டதாம். ஹாஜியார் போனைப் பார்த்தார், மூடியில் ஒட்டியிருந்த கறுப்புப் பொட்டைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “எல்லா லொறிக்கும் போடுங்க சேர். அந்தக் கலர மட்டும் கொஞ்சம் மாத்த ஏலாதா?”

அடுத்த தகடு இப்போது உலையில் இருக்கிறது. அதுவும் கறுப்பாகத்தான் வரும்.