லாரியில் கட்டிய சும்மாட்டுத் துணி

ஆரணி பார்சல் செட்டுக்குப் புதிதாக வரும் லாரி டிரைவர்கள் ஸ்வர்ணலதாவிடமே வந்து, "மேஸ்திரி எங்கம்மா?" என்று கேட்பார்கள். அவள் பதில் சொல்லக் கூச்சப்பட்டுப் பக்கத்தில் இருக்கும் சின்னபொண்ணுவைப் பார்ப்பாள். "மேஸ்திரிகிட்டயே வந்து மேஸ்திரிய தேடுறியே சார், கண்ணாடி போட்டுக்கோ" என்பாள் சின்னபொண்ணு. டிரைவர் திகைத்து நிற்பதற்குள் ஸ்வர்ணலதா சக்கரத்தில் கால் வைத்து ஏறி, தார்ப்பாயைத் தூக்கிப் பார்த்துவிடுவாள். ஏறாமல் விட்டதால் ஒரு வியாழக்கிழமை அவள் பட்ட பாடு அப்படி.

அவள் பிறந்தது முள்ளிப்பட்டில். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. ஆரணிக்கு மருமகளாக வந்தபோது வீட்டில் இரண்டு தறி. ஒன்றில் மாமியார், இன்னொன்றில் கணவன் ராஜ்குமார். மூன்றாவது ஆளான அவளுக்கு இழை எடுத்துக் கொடுப்பதும் நூலைத் தார்க்குச்சியில் சுற்றுவதும்தான் வேலை. உட்கார்ந்த இடத்திலேயே பொழுது போய்விடும். நாலு மனிதர்களைப் பார்த்துக்கொண்டு, நின்று நடந்து ஒரு வேலை செய்ய வேண்டும் என்று அவளுக்கு ஆசை. சின்னபொண்ணு பார்சல் செட்டுக்கு மூட்டை இறக்கக் கூப்பிட்டபோது, வாய் திறந்து சரி என்றுகூடச் சொல்லவில்லை. செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றாள்.

செட்டின் முதலாளி ஜினசந்திரன். பெங்களூரிலிருந்து பட்டு நூல், சூரத்திலிருந்து ஜரிகை, எங்கிருந்தோ ஏதேதோ பெட்டிகள் எல்லாம் அங்கேதான் இறங்கும். ஆனால் இறக்குகிறவர்கள் அவருடைய ஆட்கள் இல்லை. லாரிக்காரருடைய ஆட்களும் இல்லை. செட்டு வாசலில் புங்கமரத்தடியில் உட்கார்ந்திருக்கும் கும்பல் அது. இறக்கு கூலியை டிரைவர் கொடுப்பார், மேஸ்திரி வாங்கிப் பிரிப்பார். கும்பலுக்கு மேஸ்திரி கமலக்கண்ணன். நல்ல மனிதர், வாய்தான் கொஞ்சம் பெரிது. அவருடைய ஆள்கள் பத்தாத நாளில் ஸ்வர்ணலதா, சின்னபொண்ணு உட்பட அங்கே இருக்கும் பெண்கள் நாலு பேரையும் கைக்கூலிக்கு, அதாவது அன்றைக்கு மட்டும் கை கொடுக்க, கூப்பிடுவார். ஆணுக்கு முழுக் கூலி, பெண்ணுக்கு அரைக் கூலி. மூட்டையில் அரை மூட்டை என்று ஒன்று கிடையாது. ஆனாலும் யாரும் அதைக் கேட்டதில்லை.

அந்த இடத்துக்கு ஒரு வழக்கம் உண்டு. லாரி வந்து நின்றதும் மேஸ்திரி சக்கரத்தில் ஏறிச் சரக்கைப் பார்ப்பார். பிடித்திருந்தால் தோளில் இருக்கும் துண்டை டிரைவர் பக்கத்துக் கண்ணாடிக் கம்பியில் கட்டுவார். துண்டு ஏறிவிட்டால் லாரி அவருடையது. வேறு யாரும் ஒரு பெட்டியைக்கூடத் தொட மாட்டார்கள். சரக்கை இறக்கி முடித்துத்தான் துண்டை அவிழ்க்க வேண்டும். நடுவில் அவிழ்த்தால் அந்தத் துண்டு அந்தச் செட்டில் மறுபடி ஏறாது. தேவிகாபுரத்துக் கும்பல் ஒன்று சிமெண்ட் லாரியில் கட்டிய துண்டைப் பாதியில் அவிழ்த்துவிட்டுப் போனது. அதற்குப் பிறகு அவர்களை அந்தப் பக்கமே காணோம்.

"நாமளும் ஒரு லாரிக்குத் துணி கட்டினா இன்னா?" என்று முதலில் கேட்டவள் சின்னபொண்ணு. வியாழக்கிழமை தோறும் சந்தவாசல் பச்சையப்பன் ஓட்டிவரும் பெங்களூர் லாரியில் பட்டு நூல் பொதிகள்தான் வரும். கனம் இல்லை. கொக்கி போட்டு இழுக்கவும் கூடாது; நூல் அறுந்துவிடும். தலையில் வைத்து இறக்க வேண்டிய சரக்கு. பெண்களுக்கென்றே செய்தது போல.

"கட்றதுன்னா நீதான் கட்டணும். உன் கையிலதான் முடிச்சு நிக்கும். தறிக்காரி கை" என்றார்கள் மற்ற மூவரும். ஸ்வர்ணலதாவுக்கு மூன்று வியாழக்கிழமைகள் கூச்சத்திலேயே போயின. அடுத்த வாரம் ஆண்கள் எல்லோரும் டீக்கடைக்குப் போயிருந்த நேரத்தில் பச்சையப்பனின் லாரி வந்து நின்றது. அவள் தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்த பழைய சேலைத் துணியை எடுத்தாள். போய்க் கண்ணாடிக் கம்பியில் இறுக்கிக் கட்டினாள். திரும்பிப் பார்க்காமல் வந்து உட்கார்ந்துவிட்டாள். ரோட்டில் போகிறவர்கள் பார்க்கச் சேலையோடு சக்கரத்தில் ஏறுவதா என்று வெட்கம். தார்ப்பாயைத் தூக்கிப் பார்க்கவே இல்லை.

பச்சையப்பன் இறங்கி வந்து கயிற்றை அவிழ்த்தார். தார்ப்பாய் விலகியது. உள்ளே ஒரு பொதியும் இல்லை. பெரணமல்லூர் ரோட்டில் புதிதாகப் போடும் விசைத்தறிக் கொட்டகைக்கு வந்த இரும்பு உருளைகள். பாவு நூல் சுற்றுவதற்கானவை; ஒவ்வொன்றும் ஆள் நீளம், நாலு ஆள் கனம்.

"ஐயோ யக்கா" என்று வாயில் கை வைத்தாள் சின்னபொண்ணு. "நூல் எங்கங்க?"

"நூல் நாளைக்கு வருது. இது அவசர லோடு" என்றார் பச்சையப்பன். "யாரு துணி இது? ஜல்தியா இறக்குங்க. நான் ரைஸ் மில்லுக்குப் போய் அரிசி ஏத்திகினு திரும்பணும்."

அதற்குள் ஆண்கள் டீக்கடையிலிருந்து வந்துவிட்டார்கள். கம்பியில் ஆடும் பூப்போட்ட துணியைப் பார்த்தார்கள், இரும்பைப் பார்த்தார்கள், ஸ்வர்ணலதாவைப் பார்த்தார்கள். பிறகு சிரிப்பு கிளம்பியது.

"பரவாயில்ல மேஸ்திரி, ஆளுக்கு ஒண்ணு சும்மாட்டுல வெச்சிகினு நடங்க!" என்று ஸ்வர்ணலதாவைப் பார்த்துக் கத்தினான் ஒருவன்.

"கம்முனு இருங்கடா" என்று அவர்களை அடக்கினார் கமலக்கண்ணன். உண்மையான இரக்கத்தோடுதான் அவளிடம் சொன்னார்: "அவுத்துடும்மா. தெரியாம கட்டிட்ட. நாங்க பாத்துக்கறோம்."

அவிழ்த்தால் போயிற்று. இனி எந்த லாரியிலும் பெண்களின் துணி ஏறாது. அரைக் கூலிதான், அதுவும் அவர்கள் கூப்பிடும்போது. அவிழ்க்காவிட்டால் நாலு பேரால் ஓர் உருளையைக்கூட அசைக்க முடியாது. ஸ்வர்ணலதா எழுந்து லாரிக்கு அருகில் போனாள். முடிச்சில் கை வைத்தாள். எல்லோரும் அவள் முதுகையே பார்ப்பது தெரிந்தது. அப்படியே நின்றாள்.

"அண்ணா" என்றாள், திரும்பாமலே. "ஆள் பத்தலன்னா எங்கள கைக்கூலிக்குக் கூப்புடுவீங்க இல்ல?"

"ஆமா. அதுக்கின்னா?"

"எனக்கு இன்னிக்கு ஆள் பத்தல. நீங்க வரீங்களா?"

கும்பலில் ஒருவன் தொண்டையைக் கனைத்தான். எல்லோரும் செட்டு வாசலில் நின்ற ஜினசந்திரனைப் பார்த்தார்கள். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "துணி கட்டினவங்க ஆள் வெச்சிக்கலாம். வழக்கம் அதானே? ஆம்பளைய வெச்சிக்கக் கூடாதுன்னு யாரும் சொன்னதா எனக்குத் தெரியல" என்றார்.

கமலக்கண்ணன் மீசையைத் தடவினார். அன்றைக்கு வேறு லாரி இல்லை. சும்மா குந்திக்கொண்டிருக்க வேண்டியதுதான். "கூலி எவ்ளோ?" என்றார் கடைசியில்.

"அரைக் கூலி!" என்று கத்தினாள் சின்னபொண்ணு. இதற்கென்றே பல வருடம் காத்திருந்தவள் போல.

ஆண்கள் பக்கத்திலிருந்தே வெடித்துக்கொண்டு சிரிப்பு வந்தது. ஆனால் ஸ்வர்ணலதாவுக்கு அந்த வார்த்தையைத் தன் வாயால் ஒரு மனிதரிடம் சொல்ல முடியும் என்று தோன்றவில்லை. "முழுக் கூலிதாண்ணா. ஏறி இறங்கற எல்லாருக்கும் ஒரே கூலி" என்றாள். சின்னபொண்ணு அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

லாரியின் பின்புறம் இரண்டு பலகைகளைச் சாய்த்தார்கள். உருளையின் இரு முனையிலும் கயிறு சுற்றி மேலே பெண்கள் பிடித்துக்கொள்ள, கீழே ஆண்கள் கடப்பாறையோடு நின்றார்கள். நின்றவர்கள் நின்றபடியே இருந்தார்கள்.

"இன்னா நிக்கிறீங்க?" என்று கேட்டார் பச்சையப்பன்.

"குரல் வரட்டும்" என்றார் கமலக்கண்ணன். "துணி யாருதோ அவங்கதான் குரல் குடுக்கணும். நான் குடுத்தா என் லாரி ஆயிடும்."

ஸ்வர்ணலதா இதை மறந்தே போயிருந்தாள். வீட்டில் பாலைக் குடித்துக்கொண்டிருக்கும் பூனையைக்கூட அவள் சத்தம் போட்டு விரட்டியதில்லை. வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

"கேக்கலம்மா!" என்றார்கள் கீழிருந்து.

தெருவில் பாவு நீட்டிக் கஞ்சி போடும் காலை அவளுக்குத் தெரியும். நூறு அடி நீளத்துக்கு ஆளுக்கு ஓர் இடமாகப் பிடித்துக்கொண்டு, ஒருவர் சொல்லுக்கு எல்லோரும் ஒன்றாக விட்டு ஒன்றாக இழுப்பார்கள். ஒருவர் பிந்தினாலும் இழை போகும். முள்ளிப்பட்டில் அந்தச் சொல்லைச் சொல்வது அவளுடைய அம்மா. ஸ்வர்ணலதா கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"விடு...!" என்றாள். கயிறு நழுவியது, உருளை ஒரு சாண் உருண்டது. "பிடி!" நின்றது.

"விடு...! பிடி!"

நான்காவது உருளைக்குக் கண் திறந்திருந்தது. ஏழாவது வரும்போது குரல் டீக்கடை வரை கேட்டது. கடைக்காரர் கையில் வடிகட்டியோடு வெளியே வந்து நின்றார். ரோட்டில் போன ஷேர் ஆட்டோ ஒன்று நின்று வேடிக்கை பார்த்தது. பச்சையப்பன் அவசரத்தை மறந்து, கேபினில் சாய்ந்துகொண்டு அவளோடு சேர்ந்து "பிடி" சொல்ல ஆரம்பித்தார். "யோவ், நீ சும்மா இருய்யா, ரெண்டு குரல் வந்தா பேஜாரு" என்று கீழிருந்து வைதார்கள்.

கடைசி உருளை மண்ணைத் தொட்டதும் அவள் துணியை அவிழ்த்து உதறினாள். பச்சையப்பன் கூலியை அவள் கையில் கொடுத்தார். அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் விசிறிபோல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு எல்லோர் முன்னாலும் ஒவ்வொருவருக்காகக் கொடுத்தாள். கமலக்கண்ணன் முறை வந்ததும், நோட்டை இரு கையாலும் நீட்டினாள்.

அவர் வாங்கிப் பையில் போடவில்லை, அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, இன்னிக்கு உன்கிட்ட முழுக் கூலி வாங்கறேன்" என்றார் மெதுவாக. "நாளைக்கு எனக்கு ஆள் பத்தாம போச்சுன்னா, நான் எந்த மூஞ்சிய வெச்சிகினு உனக்கு அரைக் கூலி நீட்டறது?"

ஸ்வர்ணலதா அந்த அளவுக்கு யோசித்திருக்கவில்லை. உண்மையைத்தான் சொன்னாள்: "தெரிலண்ணா."

"தெரிலயாம்!" அவர் நெற்றியில் அடித்துக்கொண்டார். "பேசாத பொண்ணுன்னு நெனச்சேன். ஒரே நாள்ல செட்டு கூலியவே மாத்திட்டு, தெரிலன்னு நிக்குது பாரு!" சொல்லிவிட்டு அவரே முதலில் சிரித்தார். பிறகு நோட்டை மடித்துக் கண்ணில் ஒற்றிச் சட்டைப் பையில் வைத்தார்.

"சரி மேஸ்திரி, லோடு முடிஞ்சா டீ யாரு செலவு?" என்று மரத்தடியிலிருந்து ஒருவன் ஸ்வர்ணலதாவைக் கேட்டான்.

"கட்டினவங்க செலவு!" என்று எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள். ஸ்வர்ணலதா டீக்கடையைப் பார்த்துக் கையை உயர்த்தினாள்.

"அண்ணே, எல்லாருக்கும் டீ!" அந்தக் குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. "போண்டாவும் போடுங்க!"

"எனக்கு ரெண்டு" என்றாள் சின்னபொண்ணு, "கூலிதான் எல்லாருக்கும் ஒண்ணு, போண்டாவுக்கு அந்தச் சட்டம் இல்ல."