வேஷக்காரம்மாவின் டிக்கி

அவளுடைய மகன் பள்ளி நாடகத்தில் மரமாக நிற்க வேண்டும் என்று டீச்சர் சொல்லியனுப்பினார். அதில் பிடித்தது சனி. அவனுக்கு அவள் தைத்த மர வேஷத்தைப் பார்த்துப் பக்கத்து வீட்டுக்காரி சிங்கம் கேட்டாள். சிங்கத்தைப் பார்த்த இன்னொரு பள்ளி ஒரு அரசவையையே கேட்டது. மகன் வளர்ந்து வேலைக்குப் போய்விட்டான். அவன் அறையில் இப்போது கரடியும் ராணியும் முனிவரும் குடியிருக்கிறார்கள். அக்கம்பக்கத்தில் அவளுக்கு வேஷக்காரம்மா என்றே பெயர். அவளும் அந்தப் பெயருக்குத்தான் திரும்பிப் பார்ப்பாள்.

கணவர் ஹைப்ரிட் கார் வாங்கியபோதுதான் தலைவலி ஆரம்பம். பெட்ரோலும் பாட்டரியும் மாறி மாறி இழுக்கிற சிக்கனமான வண்டி. ஆனால் அந்தப் பாட்டரி பின் சீட்டுக்குப் பின்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து டிக்கியில் பாதியை எடுத்துக்கொண்டது. பள்ளிகளுக்கு வேஷங்களைக் கொண்டுபோகும்போது ராணியின் பாவாடையை அதில் திணித்தால் கரடித் தலை முன் சீட்டுக்கு வந்துவிடும். ஒருமுறை சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் கரடியைப் பார்த்து விழுந்து விழுந்து சிரித்தார்.

"அது சீட் பெல்ட் போட்டிருக்கு. நீங்க போட்டிருக்கீங்களா?" என்று கேட்டாள். மனிதர் அவசரமாகப் பெல்ட்டைத் தேடினார்.

அக்கா வீட்டுக்காரரிடம் போய் நின்றாள். அத்தானுக்குச் சமையலறை அலமாரி செய்கிற தொழில். உலகத்தில் எந்தக் குறையும் ஒரு டிராயர் போட்டால் தீர்ந்துவிடும் என்பது அவர் கட்சி. டிக்கியைத் திறந்து டேப்பை இழுத்தார்.

"இவ்வளவு இடத்தை வச்சுக்கிட்டா அழுவுறே?"

தரைப்பலகையைக் கழற்றினார். பாட்டரி மேட்டுக்குச் சமமாக பிளைவுட் அடித்து, மேலும் கீழும் டிராயர் போட்டார். கிரீடத்துக்கு ஒரு குழி, சிறகுக்கு ஒரு சந்து. எல்லாம் சத்தமில்லாமல் மூடிக்கொண்டன.

"ஏன் அத்தான், அடுப்பு ஒண்ணுதான் பாக்கி."

அவர் காதில் வாங்கவில்லை. பாட்டரிப் பக்கத்துச் சுவரில் இருந்த சின்னக் கம்பி ஜன்னலைத் தடவிக்கொண்டிருந்தார். "இது காத்தை உள்ள இழுக்குது. நல்லதாப் போச்சு. தாடி மீசையை இங்க வச்சா வேர்வை நாத்தம் போயிடும்." அதை ஒட்டியே, பக்கமெல்லாம் ஓட்டை போட்ட ஒரு டிராயரை மாட்டினார்.

கொஞ்ச நாள் ராஜபோகம். கரடிகூட டிக்கிக்குள் அடங்கியது. ஒரு பள்ளி ஆண்டு விழாவுக்குப் போகும்போது, மேட்டில் ஏறிய வண்டி மூச்சு வாங்கியது. ஸ்டியரிங்குக்கு முன்னால் ஆரஞ்சு எச்சரிக்கை விளக்கு எரிந்தது. நத்தை மாதிரி ஊர்ந்து, கண்ணில் பட்ட ஒர்க்‌ஷாப்புக்குள் நுழைந்தாள்.

மெக்கானிக் தாடி டிராயரைக் கழற்றி, கம்பி ஜன்னலைத் திறந்து, கையை விட்டார். நரைமுடி வந்தது. இழுத்தார். இன்னும் வந்தது. சட்டென்று கையை எடுத்துவிட்டார்.

"அம்மா, உள்ள யாரும் இல்லையே?"

"முனிவர்" என்றாள் ஈனக்குரலில்.

"பாட்டரி சூடாகாம இருக்க இந்த ஃபேன்தான் காத்து இழுக்குது. அது வாயிலயே முடியை ஊட்டி விட்டிருக்கீங்களே!"

அவர் சுத்தம் செய்வதற்குள் அத்தானுக்குப் போன் போட்டாள். "உங்க டிராயர் முனிவரோட தாடியைத் தின்னுடுச்சு."

அத்தானுக்கு வேறு கவலை. "மீசை பத்திரமா இருக்கா?"

தாடியில் மிச்சம் ஒரு பிடிதான். பள்ளியில் மேடைக்குப் பின்னால் அதைக் கத்தரித்துச் சின்ன ஆட்டுத்தாடியாக்கி, முனிவர் பையனுக்கு ஒட்டினாள். மேடையில் மந்திரி வேஷக்காரன் வசனத்தை மறந்து, வாயைப் பிளந்து அதையே பார்த்தான்.

"முனிவரே, உங்க தாடி எங்கே?"

"வர்ற வழியில காத்து கொண்டுபோயிடுச்சு மந்திரி!" என்றான் பையன். சபை அதிர்ந்தது. அந்த நாடகத்துக்கு அவ்வளவு கைதட்டல் அதுவரை விழுந்ததில்லை என்று டீச்சரே ஒப்புக்கொண்டார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அத்தானை ஒர்க்‌ஷாப்புக்கே இழுத்துப் போனாள். தாடி டிராயர் எதிர்ப்பக்கம் மாறியது. கம்பி ஜன்னலுக்கு முன்னால் எதுவும் வைக்க முடியாதபடி ஒரு கம்பித் தடுப்பும் வந்தது. வேலை முடிந்ததும் மெக்கானிக் டிராயரைத் திறந்து மூடி, திறந்து மூடிப் பார்த்தார். தன் வண்டியிலும் ஸ்பேனர் வைக்க இதே மாதிரி ஒன்று வேண்டும் என்றார்.

அத்தான் சம்மதித்தார். ஆனால் மெக்கானிக் பக்கத்தில் நின்றால்தான் ஆணியைத் தொடுவேன் என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.