தனிப்படம்

அக்கா தன்னைத் தனியாகப் படம் எடுக்க விடவே மாட்டாள். எங்கள் ஊர் வீடுகளில் ஒற்றை ஆளின் படம் சுவரில் ஏறுவது அந்த ஆள் போன பிறகுதான். அப்பா செத்தபோது ஒரு கலியாண வீட்டுப் படத்திலிருந்துதான் அவரை வெட்டி எடுத்தோம். கல்வெட்டில், அதாவது முப்பத்தோராம் நாள் கொடுக்கிற நினைவுப் புத்தகத்தில், அவருடைய தோளில் யாரோ ஒருவரின் நான்கு விரல்கள் இன்றைக்கும் இருக்கின்றன.

அக்காவுக்கு இருதய ஒப்பரேஷன் என்று நாள் குறித்ததும் எனக்கு அந்த விரல்கள்தான் ஞாபகம் வந்தன. என்னை வளர்த்தவள் அவள். ஒரு நல்ல படம்கூட இல்லாமல் அவளை இழந்துவிடுவேனோ என்று பயந்தேன். வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. கேட்டால் காரணம் விளங்கிவிடும். "சும்மா வாங்கோ, பொழுது போகும்" என்று, நாங்கள் குடிவந்திருக்கிற இந்த வெளிநாட்டு நகரத்து மெற்றோ ரயிலில் ஏற்றி, ஓவியக் காட்சியகத்துக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

அங்கே ஓர் ஓவியத்தின் முன்னால் நின்றுவிட்டாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கர் ஒருவர் வரைந்தது. கறுப்பு உடுப்புப் போட்ட பெண், மடியில் கை கோத்தபடி, தனியே கதிரையில் இருந்தாள்.

"பாவம். எப்ப செத்தவ?"

"கீறேக்க உயிரோடதான் இருந்தவ, அக்கா. முன்னாலை இருத்திவைச்சுத்தான் கீறினவை."

"தனியவோ? நெஞ்சழுத்தக்காரிதான்."

பிறகு என்னைப் பார்த்தாள். போனை எத்தனை தரம் எடுத்து எடுத்துக் கைப்பைக்குள் வைத்தேனோ, கள்ளத்தைப் பிடித்துவிட்டாள். "இதுக்குத்தானே கூட்டிக்கொண்டு வந்தனி?" என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவளோ ஓவியத்துக்கு முன்னால் ஆட்கள் இருந்து பார்க்கக் கிடந்த நீள மர வாங்கில் போய் இருந்து, சேலையைச் சரிசெய்துகொண்டாள். "எடு. ஆனா அவவும் படத்திலை விழவேணும். அப்ப அது தனிப்படம் இல்லை."

ஒப்பரேஷன் நல்லபடியாக முடிந்தது. வீட்டு ஹோலில் அந்தப் படத்தைத் தானே மாட்டினாள். "பின்னாலை ஆர் இந்த வெள்ளைக்காரி?" என்று கேட்டவர்களுக்கெல்லாம், சிரிப்பை அடக்கிக்கொண்டு, "என்ர சிநேகிதி" என்பாள். மூன்று வருடம் அப்படியே சொன்னாள்.

போன மாதம் அக்காவின் கல்வெட்டை அச்சடிக்கிறவரிடம் அந்தப் படத்தைத்தான் கொடுத்தேன். பார்த்துவிட்டு, "தங்கச்சி, பின்னாலை இருக்கிற வெள்ளைக்காரியை வெட்டிவிடட்டோ?" என்று கேட்டார்.

"வேண்டாம், அண்ணை. அவ அக்காவின்ர சிநேகிதி."